வீட்டைச் சுற்றியுள்ள மின்காந்த இரைச்சல்: கைப்பேசி போதுமா, மீட்டர் வாங்கணுமா, கம்பி சுற்றணுமா?

போன மாதம் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எந்த மீட்டர் வாங்கலாம்?"

முதலாமவர் சிங்கப்பூரின் பொங்கோலில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மின்கேபிள்கள் மேலேறும் அறை, இந்தப் பக்கம் குழந்தையின் தொட்டில். இரண்டாமவர் வீணை வாசிப்பவர். தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் காந்தப் பிக்கப் மாட்டி ஒலிப்பதிவு செய்யும்போதெல்லாம் தந்தியின் நாதத்துக்கு அடியில் ஒரு 'ம்ம்ம்' ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது ஒரு தொடக்கக் கல்லூரி (ஜூனியர் காலேஜ்) மாணவி. எம்ஆர்டி ரயிலின் மேம்பாலப் பாதைக்கு எதிரே வீடு. ரயில் போகும்போது காந்தப்புலம் எப்படி மாறுகிறது என்று இயற்பியல் செயல்திட்டத்துக்காக அளக்க வேண்டுமாம்.

மூவருக்கும் வெவ்வேறு பதில்தான் சொன்னேன். ஒருவருக்குப் பொருந்தும் கருவி மற்றவருக்கு வெறும் அலங்காரப் பொருள். அதில் ஒருவருக்குச் செலவே இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

கடைகளில் எல்லாப் பெட்டியிலும் 'இஎம்எஃப் (மின்காந்தப் புல) மீட்டர்' என்றே போட்டிருக்கும். அந்தப் பெயரை நம்பி இறங்க வேண்டாம். நான் முதலில் பார்ப்பது, அளக்கப்போகும் புலம் எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதை. பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய ஆடுவதே இல்லை. ரயிலுக்குப் போகும் டிசி (ஒரே திசையில் ஓடும்) மின்னோட்டத்தின் புலம் சில விநாடிகளில் ஏறி இறங்கும். வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை (50 ஹெர்ட்ஸ்) ஆடும், கூடவே 100, 150, 250 என்று அதன் மடங்குகளும் வரும். எல்இடி விளக்குக்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர், சார்ஜர், தூண்டல் அடுப்பு எல்லாம் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் கத்தும். இந்த நான்கையும் ஒழுங்காகக் கேட்கும் ஒரே கருவி மலிவு விலையில் கிடையாது.

அடுத்து, எவ்வளவு சிறிய அளவு தெரிய வேண்டும்? ஒரு எண் போதுமா, எந்த அலைவெண்ணில் இரைகிறது என்றும் தெரிய வேண்டுமா? ஒரு நிமிடம் பார்த்தால் போதுமா, இரவு முழுக்கப் பதிய வேண்டுமா? முடிவை யாரிடம் காட்டப் போகிறீர்கள்? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் மனநிம்மதிக்கு அளப்பதும், நகர மன்றத்துக்குக் கடிதம் எழுத அளப்பதும் ஒன்றல்ல.

அளவுகோலுக்குச் சில எண்கள். அலகு மைக்ரோடெஸ்லா. சில மீட்டர்கள் மில்லிகாஸில் காட்டும், 10 மில்லிகாஸ் என்றால் 1 மைக்ரோடெஸ்லா. அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஆணையம் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்குப் பொதுமக்களுக்கான வரம்பை 1998-இல் 100 என்று வைத்தது, 2010-இல் 200 ஆக்கியது. இன்னொரு பக்கம், நீண்டகாலச் சராசரி 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டிய வீடுகளில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததாகச் சில ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. அதற்குக் காரணம் இந்தப் புலம்தான் என்று இதுவரை நிறுவப்படவில்லை. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் இதை '2பி', அதாவது 'வாய்ப்பிருக்கலாம்' என்ற வரிசையில் வைத்தது அதனால்தான். 200-க்கும் 0.4-க்கும் நடுவே இத்தனை பெரிய இடைவெளி இருப்பதால்தான் ஆளாளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள்.

சிங்கப்பூரில் கேபிள்கள் மண்ணுக்கடியில் போகின்றன. துணைமின் நிலையம் புளோக்கின் தரைத்தளத்திலோ பக்கத்திலோ ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். எது எங்கே ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. கான்கிரீட் சுவரோ மண்ணோ 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. தூரம் மட்டும்தான் அதைக் குறைக்கும்.

## கைப்பேசி

பொங்கோல் நண்பர் முதலில் செய்ததும் எல்லாரும் செய்வதுதான். ஒரு செயலியை இறக்கி, போனைத் தொட்டில் மேல் வைத்தார். இரவு பதினொரு மணிக்கு எனக்குக் குரல் செய்தி: "அண்ணே, 43 காட்டுது! 0.4-தான் இருக்கலாம்னு போட்டிருக்கான். பிள்ளைய வேற ரூமுக்கு மாத்திடவா?"

"தம்பி, கீழ இறங்கிப் போய்ப் பிள்ளைங்க விளையாடுற இடத்துல வச்சுப் பாரு" என்றேன். அங்கேயும் 42 காட்டியது. சிங்கப்பூரில் பூமியின் காந்தப்புலமே சுமார் 42 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அது ஏறக்குறையப் படுத்த வாக்கில் வடக்கு நோக்கி ஓடுகிறது. போனில் இருப்பது திசைகாட்டிக்கான உணரி. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது, நண்பர்தான் தூக்கத்தைத் தொலைத்தார். கைப்பேசியின் மறைமுகச் செலவு இதுதான்.

50 ஹெர்ட்ஸை இந்த உணரி ஏன் பிடிப்பதில்லை? பெரும்பாலான போன்களில் அது விநாடிக்கு 100 முறையோ அதற்கும் குறைவாகவோதான் எட்டிப் பார்க்கிறது. விநாடிக்கு 50 முறை ஆடும் ஒன்றை 60 முறை பார்த்தால் அது 10 முறை ஆடுவதுபோலத் தோன்றும். சரியாக 50 முறை பார்த்தால் ஆடாமல் நிற்பதுபோலவே தோன்றும். ஓடும் மின்விசிறியின் இறக்கை வீடியோவில் நின்றுபோனதுபோல் தெரியுமே, அதே கதை. தவிர, உணரியின் சொந்த நடுக்கமே பத்தில் சில மைக்ரோடெஸ்லா இருக்கும். 0.1-ஐத் தேடுகிறவருக்கு இது உதவாது.

ஆனால் மாணவிக்கு நான் சொன்ன பதில் கைப்பேசிதான். வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குத் தடங்கள் மூன்றாம் தண்டவாளத்தில் வரும் 750 வோல்ட் டிசியில் ஓடுகின்றன, வடகிழக்குத் தடம் மேல்கம்பியில் 1,500 வோல்ட் டிசியில். ரயில் வேகம் எடுக்கும்போது ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். 50 ஹெர்ட்ஸுக்கென்று செய்த மீட்டர் இந்த மெதுவான ஏற்ற இறக்கத்துக்குக் காது கேளாதது. போன் கேட்கும். 3,000 ஆம்பியர், போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டால், 30 மீட்டர் தள்ளி 1 மைக்ரோடெஸ்லா வருகிறது. போனின் நடுக்கத்துக்குச் சற்று மேலே எட்டிப் பார்க்கும் அளவு. ஆகன் பல்கலைக்கழகத்தின் ஃபைஃபாக்ஸ் செயலி இலவசம், காந்தமானியின் அளவுகளைக் கோப்பாகவும் தரும். போனைக் காந்த உறையிலிருந்து கழற்றி, மேசையில் வைத்துவிட்டு, தொடாமல் இருந்தால் போதும். கையில் பிடித்து இரண்டு பாகை திருப்பினாலே அச்சுகளின் எண்கள் ரயிலைவிட அதிகமாக மாறிவிடும். மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரானால், இரும்புக் கூண்டு ஏறி இறங்குவதும் வரைபடத்தில் வந்து குழப்பும்.

## இருபது முப்பது வெள்ளி மீட்டர்

நானும் ஒன்று வாங்கி ஏமாந்தவன்தான். கையடக்கம், பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, 'பீப்' சத்தம். முதல் நாள் குளிர்பதனப் பெட்டிக்கு முன்னால் பிடித்தேன், 0.3. மனைவி வாங்கி, தன் வசதிக்குத் திருப்பிப் பிடித்தார், 1.2. "உங்க கையில ஒண்ணு, என் கையில ஒண்ணு காட்டுது. இதுக்கு எதுக்குக் காசு?" என்றார்.

கருவியில் பழுதில்லை. இவற்றில் பெரும்பாலானவை ஒற்றை அச்சு மீட்டர்கள். உள்ளே ஒரே ஒரு சுருள், அது நோக்கும் திசையில் வரும் புலத்தை மட்டும் அளக்கும். முழு அளவு வேண்டுமென்றால் ஒரே இடத்தில் மூன்று செங்குத்துத் திசைகளில் பிடித்து, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எனக்கு 0.3, 0.4, 1.2 வந்தன. கூட்டினால் 1.69, மூலம் 1.3. நான் நிம்மதியாகக் குறித்துக்கொண்ட முதல் எண் உண்மையில் கால்வாசிகூட இல்லை.

பொறுமை இருந்தால் இதுவே போதும். சுவரோரம் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று முகர்ந்து தேடுவதற்கு ஒற்றை அச்சு உண்மையில் வசதி: திருப்பித் திருப்பிப் பார்த்தால் புலம் வரும் திசையே தெரியும். நான் நம்பாதது ஒன்றுதான். சில ஹெர்ட்ஸில் தொடங்கி கைப்பேசி அலை வரைக்கும் எல்லாவற்றையும் அளப்பதாகப் பெட்டியில் போட்டுக்கொள்ளும் ரகம். இத்தனை அகலத்துக்கு ஒரே எண் என்றால் அது எதன் எண்? சிவப்பு விளக்குக்கும் அப்படித்தான். அந்த வரம்பை வைத்தவர் யார் என்று கையேட்டில் தேடிப் பாருங்கள்.

## மூன்றச்சு மீட்டர்

உள்ளே மூன்று சுருள், கூட்டல் வேலையைக் கருவியே செய்துவிடும். எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே எண். ட்ரைஃபீல்ட் டிஎஃப்2 போன்றவை இருநூறு, முந்நூறு வெள்ளிக் கணக்கில் வரும். அது 40 ஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.1 மில்லிகாஸ் நுட்பத்தில் காட்டும். உச்சம் 100 மில்லிகாஸ், அதாவது 10 மைக்ரோடெஸ்லா. இந்த உச்சத்தைக் கவனியுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் முடி உலர்த்தி 3 சென்டிமீட்டரில் 6 முதல் 2,000 மைக்ரோடெஸ்லா வரை போகிறது, ஒரு மீட்டரில் 0.01 முதல் 0.03-ஆகச் சுருங்குகிறது. ஒட்டிப் பிடித்தால் மீட்டர் முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் படுக்கை, தொட்டில், படிப்பு மேசை போன்ற இடங்களுக்கு இந்த வரம்பு தாராளம்.

இன்னொரு பொறி 'வெயிட்டட்' என்ற நிலை. அதில் அலைவெண் கூடக் கூட எண்ணும் கூடும். 50 ஹெர்ட்ஸில் சாதுவாக இருந்த மீட்டர் ஒரு மலிவு எல்இடி விளக்கருகில் துள்ளும். அது பொய்யல்ல, வேறு கேள்விக்கான பதில். அந்த எண்ணைக் கொண்டுபோய் 0.4-உடன் ஒப்பிட்டால் கணக்குத் தப்பு.

இதன் பெரிய குறை, பெரும்பாலானவை பதிவு செய்யாது. புலம் மின்னோட்டத்தின் குழந்தை. பிற்பகல் மூன்று மணிக்கு ஆளில்லாத புளோக்கில் அளப்பதும், எல்லா வீட்டிலும் குளிர்சாதனம் ஓடும் இரவு பதினொன்றுக்கு அளப்பதும் ஒன்றாக இருக்காது. விலையில் எழுதாத செலவு நீங்கள் எழுந்திருக்கும் நேரம்.

## கம்பிச் சுருளும் மடிக்கணினியும்

எனக்கு மிகவும் பிடித்தது இது. எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சிம் லிம் டவரில் எனாமல் பூசிய செப்புக் கம்பி ஒரு சுருள், கவசக் கேபிள், ஒரு ஜாக். இருபது வெள்ளிக்குள் முடியும். பத்து சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தில் 1,000 சுற்று சுற்றினால், 50 ஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோடெஸ்லாவுக்குச் சுமார் 0.3 மில்லிவோல்ட் கிடைக்கும். ஒலி அட்டையின் மைக் உள்ளீட்டுக்கு அது தாராளம். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவுச் செயலியில் பதிந்து ஸ்பெக்ட்ரம் (எந்த அலைவெண்ணில் எவ்வளவு என்ற வரைபடம்) பார்த்தால் இரைச்சல் தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டும். எந்த மீட்டரும் தராத விஷயம் அது: எவ்வளவு என்பதோடு எது என்றும் தெரிகிறது.

வீணைக்காரரின் வீட்டுக்கு இதைத்தான் எடுத்துப் போனேன். அவர் ஏற்கெனவே விசிறியின் ரெகுலேட்டரை மாற்றி, விளக்கை மாற்றி, கேபிளையும் மாற்றியிருந்தார். சுருளை வீணையின் பிக்கப் இருக்கும் இடத்தில் வைத்தேன். 50-இல் ஒரு கம்பம், 150-இல், 250-இல் சற்றே குள்ளமாக. எல்இடி டிரைவர் என்றால் கிலோஹெர்ட்ஸில் புதர் மண்டியிருக்கும், அங்கே சுத்தமாக இருந்தது. ஆக, இரும்பு உள்ளகம் வைத்த ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுருளைக் கையில் பிடித்து அறையைச் சுற்றினேன். சாமி அலமாரிப் பக்கம் போகப் போக 'ம்ம்ம்' ஏறியது. அங்கே இருபத்துநாலு மணி நேரமும் மெல்லிய குரலில் ஓடும் மந்திரப் பெட்டி. அதன் அடாப்டர் வீணை சாய்த்து வைக்கும் இடத்திலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் சுவரில் செருகியிருந்தது.

அவருடைய அம்மா, "பெட்டிய நிறுத்தக் கூடாதுப்பா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நிறுத்தவே வேண்டாம். சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். தூரத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. நீட்டிப்பு வயர் போட்டு அடாப்டரை அலமாரியின் மறுமுனைக்குக் கொண்டுபோனோம். மந்திரமும் ஓடியது, வீணையும் சுத்தமானது.

இனி செலவைச் சொல்கிறேன். சுருள் தரும் மின்னழுத்தம் அலைவெண்ணோடு சேர்ந்து ஏறும். அதே அளவு புலம் 50-இல் தருவதைப்போல மூன்று மடங்கு 150-இல் தரும். திருத்தாமல் படித்தால் மடங்குகள் பெரிதாகத் தெரியும். ஒலி அட்டை மில்லிவோல்ட் சொல்லாது, ஏதோ ஒரு டெசிபெல் சொல்லும். அதை மைக்ரோடெஸ்லாவாக்க, தெரிந்த புலம் ஒன்று வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் பத்துப் பத்துச் சுற்றாக இரண்டு வளையங்களை, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, ஹெட்போன் வெளியீட்டிலிருந்து மின்தடை (ரெசிஸ்டர்) வழியாக 10 மில்லியாம்பியர் விட்டால் நடுவில் 0.9 மைக்ரோடெஸ்லா. இதற்காகச் சுவர் மின்சாரத்தில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை, வைக்கவும் கூடாது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். நான் ஒருமுறை அரைநாள் துரத்திய இரைச்சல் என் சார்ஜர்தான்.

ஆர்வம் உள்ளவருக்கு இது எங்கோ கொண்டுபோகும். சுருளைப் பெரிதாக்கித் திறந்தவெளிக்கு எடுத்துப்போனால், இங்கே மாலை மழைக்கு முன் வானம் பொரிகடலை வறுப்பதுபோலப் படபடப்பதைக் கேட்கலாம். அது தூரத்து மின்னல். 19.8 கிலோஹெர்ட்ஸில் ஒரு கோடு தெரிந்தால் அது மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் அருகே நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம்.

## ஆளைக் கூப்பிடுவது

ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வைக்க இடம் பார்க்கிறீர்கள், அல்லது முடிவைக் காட்டி யாரிடமோ வாதாடப் போகிறீர்கள் என்றால், வேறு வழியில்லை. அளவுத்திருத்தச் சான்றிதழ் உள்ள கருவி, இத்தகைய புலங்களை அளப்பதற்கான ஐஇசி 62110 என்ற அனைத்துலகத் தர முறை, கையெழுத்திட்ட அறிக்கை எல்லாம் வேண்டும். விலை கேட்கும்போது மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: ஒருமுறை வருகையா, 24 மணி நேரப் பதிவா? டிசியும் உண்டா? ஸ்பெக்ட்ரம் தருவார்களா? ஒருமுறை வந்து பத்து நிமிடம் காட்டிவிட்டுப் போகும் அறிக்கை வெறும் கையெழுத்துக்குக் கொடுக்கும் பணம். அளந்துவிட்டு அப்படியே தடுப்புத் தகடும் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| | கைப்பேசி | ஒற்றை அச்சு | மூன்றச்சு | சுருள், கணினி | நிபுணர் |
|---|---|---|---|---|---|
| டிசி, ரயில் | நன்று | இல்லை | இல்லை | இல்லை | கேட்டால் உண்டு |
| 50 ஹெர்ட்ஸ் | நம்ப முடியாது | மூன்று முறை பிடித்தால் | நன்று | நன்று | மிக நன்று |
| எது இரைகிறது | தெரியாது | திசை தெரியும் | தெரியாது | தெளிவாகத் தெரியும் | கேட்டால் உண்டு |
| இரவு முழுதும் பதிவு | உண்டு | இல்லை | அரிது | உண்டு | கேட்டால் உண்டு |
| மறைமுகச் செலவு | வீண் பீதி | பாதிக் கணக்கு | நேரம் | அளவுத்திருத்தம் | ஒருநாள் படம் மட்டும் |

## பொங்கோல் வீடு

நண்பருக்கு மூன்றச்சு மீட்டர்தான் சரி. ஆனால் வாங்க வேண்டாம் என்றேன். ஒரு வாரத்துக்கு மேல் அதற்கு வேலை இருக்காது. என்னுடையதைக் கொடுத்து, ஒரு தாளில் கட்டம் போட்டுத் தந்தேன்: தரையிலிருந்து 0.5, 1, 1.5 மீட்டர் உயரம், காலை, பிற்பகல், இரவு, ஒரு வாரம்.

கேபிள் அறைச் சுவரை ஒட்டி இரவில் 0.7 வந்தது. அரை மீட்டர் தள்ளினால் 0.15. தொட்டிலை அறையின் நடுப்பக்கம் நகர்த்தினார், அதோடு அந்தக் கவலை போனது. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அண்ணே, ஒண்ணு மட்டும் புரியல" என்றார். கட்டத்துக்கு வெளியே, ஓரமாக, 4.1 என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். எல்லாம் முடிந்தபின் சும்மா கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் பிடித்துப் பார்த்தாராம். அது அவரும் மனைவியும் தலை வைத்துப் படுக்கும் இடம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. இந்தப் பக்கம், பக்க மேசையில், மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன பம்பு. உள்ளே ஒரு மின்காந்தம் விநாடிக்கு 50 முறை துடித்துத்தான் அது ஊதுகிறது.

மீன் தொட்டி இப்போது ஹாலில் இருக்கிறது.